முதல்ல வீடு படுக்கணும், மறுகாதான் புள்ள

ஏணையில ஆட்டி நித்திரையாக்கினா புள்ளைக்குக் கெட்ட பழக்கம் வந்திருமாம். அம்மாக்குப் பக்கத்தில பாயில படுக்கப் போட்டாலும் கெட்ட பழக்கமாம். தட்டிக் குடுத்தா அதுவும் கெட்ட பழக்கமாம்.

நேத்து வாட்ஸ்அப்பில வந்த ஒரு வீடியோ சொல்லுது. வெளிநாட்டில எடுத்தது. ஒரு வெள்ளை அறை, ஒரு கட்டில், சுவரில கமரா. அம்மா முத்தம் குடுத்துப் போட்டு கதவைச் சாத்திட்டுப் போறா. புள்ளை கொஞ்ச நேரம் அழுதுட்டு நித்திரையாகுது. "பாத்தீங்களா, இதுதான் முறை" எண்டு கீழ எழுதியிருக்கு.

எனக்குச் சரியான கோவம் வந்திட்டு.

அந்த வீட்டுக்கு அது சரியா இருக்கலாம். அவங்களுக்கு அறை இருக்கு, கதவு இருக்கு. ஆனா கல்லடியில, மூணு தலைமுறை ஒண்டா இருக்கிற வீட்டில, ஒரு ஹோல் ரெண்டு அறை இருக்கிற இடத்தில, நான் எந்தக் கதவைச் சாத்துறது? சாத்தினாலும் அந்தப் பக்கத்தில நிண்டு அம்மா விடுவாவா? "என்னகா புள்ள, குஞ்சு அழுது, கேட்டுட்டு நிக்கிறா?" எண்டு கதவைத் திறந்துட்டு வந்திருவா. (வரத்தான் வேணும். அதுக்குத்தானே அம்மம்மா.)

நம்மட மட்டக்களப்பில பொம்புளைப் புள்ளைக்குத்தான் வீடு. கலியாணம் முடிச்சா மாப்பிள்ளைதான் பொம்புளை வீட்டுக்கு வாறது. அதால புள்ளை பிறந்தா, அம்மா, பெரியம்மா, சித்தி எல்லாரும் கையெட்டுற தூரத்தில. வேற ஊர்க்காரருக்கு இல்லாத வசதி இது. நித்திரையாக்கிறதுக்கு இத்தனை கை இருக்கிற இடத்தில, ஒரு புள்ளையைத் தனிய அழவிட்டுப் பழக்கச் சொன்னா எப்பிடி மனசு வரும்?

சரி, ஆட்டுறது பழுதா? கொஞ்சம் தேடி வாசிச்சன்.

2011இல சுவிற்சர்லாந்தில, ஜெனீவா பல்கலைக்கழகத்தில, வளர்ந்த ஆக்களையே ஆடுற கட்டிலில போட்டு பகல் நித்திரை கொள்ள விட்டிருக்காங்க. ஆடாத கட்டிலை விட ஆடுற கட்டிலில கெதியா நித்திரையாகியிருக்காங்க, நித்திரையும் ஆழமா வந்திருக்கு. ஒரு ஆட்டத்துக்கு நாலு செக்கன், அவ்வளவு மெதுவா. எங்கட பெத்தா (என்ட பாட்டி) ஏணைய ஆட்டுறதும் கிட்டத்தட்ட அந்தக் கணக்குத்தான். வேகமா ஆட்டினா "விளையாட்டுக் காட்டாத" எண்டு ஏசுவா.

2022இல ஜப்பானில, ரிக்கென் ஆராய்ச்சி நிலையத்தில இன்னொண்டு. ஏழு மாசத்துக்கு உட்பட்ட 21 கைப்புள்ளைகளை வைச்சுப் பாத்திருக்காங்க. அழுற புள்ளையத் தூக்கிக்கொண்டு அஞ்சு நிமிஷம் நிக்காம நடக்கணும். நித்திரையான உடன கிடத்தக் கூடாது. வைச்சுக்கொண்டு அஞ்சு தொடக்கம் எட்டு நிமிஷம் ஒரு இடத்தில இருந்துட்டு, மறுகாதான் கிடத்தணும். புள்ளை முழிக்கிறது தலை பாயில படுற நேரம் இல்லையாம். நம்மட உடம்ப விட்டுப் பிரியுற அந்த நேரந்தானாம். இத அம்மாட்ட வாசிச்சுக் காட்டினன். "இதுக்கு ஜப்பானுக்குப் போகணுமாகா?" எண்டு கேட்டுட்டு அவ பாட்டுக்கு வெங்காயம் உரிச்சா.

அது கைப்புள்ளைக் கதை. எங்கட சின்னவளுக்கு ரெண்டு வயசு முடிஞ்சிட்டு. ஏணை அவளுக்கு இனிச் சரிவராது, அதில நான் ஒரே பிடி. எழும்பி இருக்கப் பழகின புள்ளை ஏணையில எழும்பினா தலைகுப்புற விழும், சீலை கழுத்தில சுத்தும். முகட்டு வளையில பழைய மருதமுனைக் கைத்தறிச் சாரியில ஏணை கட்டி நாங்கெல்லாம் வளந்தம், உண்மை. அம்மா இப்பவும் சொல்லுவா, நைலோன் சாரி வழுக்கும், பருத்திச் சாரிதான் முடிச்சைப் பிடிக்கும் எண்டு. ஆனா அப்ப ஏணைக்குப் பக்கத்தில ஒரு ஆள் எப்பவும் கையில கயித்தோட இருந்தது. இப்ப ஆட்டி விட்டுட்டு அடுப்படிக்குப் போறம். புள்ளை எழும்பி இருக்கத் தொடங்கினா ஏணைய அவிழ்த்து மடிச்சு வைச்சிருங்க. கைப்புள்ளையா இருந்தாலும் தனிய விட்டுட்டு அங்கால போகாதீங்க.

அப்ப ரெண்டு வயசுப் புள்ளைய எப்பிடி நித்திரையாக்கிறது?

எங்க படுக்குது, ஆர் ஆட்டுறது, பாயா கட்டிலா... இதில ஒண்டும் இல்ல. எத்தினை மணிக்கு, எந்த ஒழுங்கில, வீடு எப்பிடி இருக்கக்குள்ள எண்டதிலதான் எல்லாம் இருக்கு.

நம்மட புள்ளைகளுக்கு நித்திரை கெடுறது ஏணையால இல்ல. ஹோலால.

ராத்திரி எட்டரை மணிக்கு எந்த வீட்டுக்கும் போய்ப் பாருங்க. ரியூப் லைட் பளிச்செண்டு எரியும். டிவியில நாடகம் ஓடும். அப்பதான் புள்ளைட அப்பா வேலையால வந்திருப்பார். புட்டு அப்பதான் அவியும். மாமா போனைச் சத்தமா வைச்சுக் கதைப்பார். இதுக்கு நடுவில புள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு அனுங்கும். "நித்திரை வந்திட்டு, கொண்டு போய்ப் படுக்கப் போடு" எண்டு அஞ்சு பேர் சொல்லுவாங்க. ஒரு ஆளும் லைட்டை நிப்பாட்டாது!

அது படுக்குமா? ஊரே முழிச்சிருக்கக்குள்ள தன்னை மட்டும் அனுப்புறாங்க எண்டா எந்தப் புள்ளைக்கும் ரோசம் வரும்.

லைட் விசயம் சும்மா சொல்லல்ல. பொழுதுபட்டு இருட்டினா மூளையில மெலடோனின் எண்ட ஒண்டு சுரக்கும், அதுதான் உடம்புக்கு "படு" எண்டு சொல்றது. 2018இல அமெரிக்காவில கொலராடோவில, மூணு தொடக்கம் அஞ்சு வயசுப் புள்ளைகளை படுக்கிறதுக்கு முதல் ஒரு மணித்தியாலம் நல்ல வெளிச்சத்தில விளையாட விட்டுப் பாத்தாங்க. மெலடோனின் 88 வீதம் குறைஞ்சு போச்சு. லைட்டை நிப்பாட்டி 50 நிமிஷத்துக்குப் பிறகும் அநேகமான புள்ளைகளுக்கு அது பழைய அளவில பாதிக்குக் கூட ஏறல்ல. பத்துப் புள்ளைகளை வைச்சுச் செய்த சின்ன ஆராய்ச்சிதான், வெளிச்சமும் வீட்டு லைட்டை விடக் கூட. எண்டாலும் எனக்கு அது போதும். சின்னக் கண்ணுக்குள்ள வெளிச்சம் பெரியாக்களை விடக் கூடப் போகும்.

இதில நமக்கு இருக்கிற வரம் என்ன தெரியுமா? நம்மட பொழுது. லண்டனில ஆனி மாசம் இரவு ஒம்பது மணி தாண்டித்தான் பொழுதுபடும், மார்கழியில பின்நேரம் நாலு மணிக்கே இருட்டிரும். அங்க புள்ளை வளக்கிற நம்மட சனம் யன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டுப் பாடுபடுது. நம்மட மட்டக்களப்பு வாவிக்கரையில வருசம் முழுக்க ஆறு மணிய ஒட்டித்தான் பொழுதுபடும், கூடிக் குறையிறது ஒரு மணித்தியாலம் கூட இல்ல. மைமலில கோயில் மணி அடிக்கும், காத்தான்குடிப் பக்கம் பாங்கு கேக்கும், தோணிகள் கரைக்கு வரும். இவ்வளவு ஒழுங்கா இருட்டு வாற ஊரில இருந்துகொண்டு, அந்த இருட்டை நாமளே ஒரு ரியூப் லைட்டைப் போட்டுத் துரத்திறம்.

இப்ப எங்கட வீட்டு ஒழுங்கைச் சொல்றன். (இது எங்கட வீட்டுக்கு. உங்கட வீட்டுக்கு நீங்க வெட்டித் தைச்சுக்கொள்ளுங்க.)

ஆறரைக்கு விளக்கு வைச்சாப் போல சின்னவளுக்குச் சாப்பாடு. பெரியாக்கள்ர சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறதில்ல. மத்தியானச் சோத்தில கொஞ்சம் எடுத்து வைச்சு, பருப்போட குழைச்சு, மீன் இருந்தா முள்ளுப் பாத்து. மறுகா வெதுவெதுப்பான தண்ணியில மேல் கழுவல். தலைக்கு ஊத்திறதில்ல. உடுப்பு மாத்தினா உள்ளங்காலில தேங்காயெண்ணெய் கொஞ்சம் தேய்ப்பன், அவளும் என்ட காலுக்குத் தேய்ப்பாள்.

அந்த நேரம்தான் ஹோல் லைட் நிப்பாட்டுற நேரம். சாமியறை மஞ்சள் பல்ப் மட்டும். டிவி இல்ல. போன் இல்ல. ஆருக்கும் இல்ல, அப்பாக்கும் இல்ல!

இந்த இடத்துக்கு வீட்டைக் கொண்டு வாறதுதான் பெரிய பாடு. புள்ளை ஒரு கிழமையில பழகிட்டாள். பெரியாக்கள்தான் பழகல்ல. அம்மாக்கு நாடகம். அதுக்கு ஒரு வழி கண்டம், இப்ப பக்கத்தில பெரியம்மா வீட்டுக்குப் போய்ப் பாக்கிறா, ரெண்டு பேரும் சேந்து பாக்கிறதால இன்னும் சந்தோசம். சின்னவள்ர அப்பாக்குச் சாப்பாடு அடுப்படியில. கோப்பை சத்தம் கேக்காமச் சாப்பிடப் பழகிட்டார், அதுக்காகவே அவரை எனக்கு இன்னும் பிடிச்சிருக்கு.

மறுகா பாய். நுளம்பு வலைக்குள்ள ரெண்டு பேரும் பூந்து, வலையின்ர ஓரத்தைப் பாய்க்குக் கீழ அவள்தான் செருகணும். நாலு மூலையும். அது அவள்ர வேலை. ஒவ்வொரு மூலைக்கும் "சரி" எண்டு சொல்லுவாள். நாலாவது "சரி" சொன்னா அதுக்குப் பிறகு வெளிய போறதில்ல எண்டு அவளுக்கும் தெரியும்.

தெரிஞ்சாலும் விடுவாளா?

"தண்ணி."
குடுத்தாச்சு.
"சூ."
போயாச்சு.
"அப்பா?"
அப்பா சாப்பிடுறார்.
"மீன் நித்திரையா?"

இந்தக் கடைசிக் கேள்விதான் எனக்கு வாசல் திறந்து விட்டது. கல்லடிப் பாலத்தில நிண்டு பாடுமீன் கதை சொன்னதில இருந்து அவளுக்கு மீனில ஒரு பிடிப்பு. நல்ல நிலவுக் காலத்தில, காத்து அடங்கின நேரம், தோணியில போய் துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு மறுநுனியைக் காதில வைச்சா சத்தம் கேக்கும் எண்டு நம்மட மீன்பிடிகாரர் சொல்ற கதை. அதால ஒவ்வொரு இரவும் மீன் நித்திரையான கதை சொல்றன். கோரளை மீன் படுத்திட்டு. இறால் படுத்திட்டு. நண்டு வளைக்குள்ள போயிட்டு. மீனுக்கு இமை இல்ல, கண்ணைத் திறந்துகொண்டே நித்திரை கொள்ளும், உனக்குத்தான் இமை இருக்கு, நீ மூடலாம். (இது உண்மை. புள்ளைக்குப் பொய் சொல்லி நித்திரையாக்கிறது எனக்குப் பிடிக்காது. பூச்சாண்டி வாறான், பொலிஸ் வருது எண்டு பயங்காட்டினா இருட்டைக் கண்டாலே அது அழும்.)

ஒவ்வொரு நாளும் அதே மீன், அதே வரிசை. இறாலுக்கு முதல் நண்டைச் சொன்னா எழும்பி இருந்து திருத்துவாள்.

இப்பிடி ஒரே ஒழுங்கில செய்றதைப் பற்றியும் ஆராய்ச்சி இருக்கு. ஜோடி மிண்டெல் எண்ட அமெரிக்க உளவியலாளரும் கூட்டாளிகளும் 2009இல 405 தாய்மாரை வைச்சுச் செய்தது. முதல் கிழமை வழமை போல. அடுத்த ரெண்டு கிழமை சில தாய்மார் ஒரே ஒழுங்கு: குளிப்பு, எண்ணெயோ கிறீமோ தேய்ச்சு விடுறது, பாட்டோ தாலாட்டோ, லைட் ஓஃப். குளிச்சு அரை மணித்தியாலத்துக்குள்ள படுக்கை. புள்ளைகள் கெதியா நித்திரையாகி, இரவில முழிக்கிறதும் குறைஞ்சுது. தாய்மார்ர மனசும் லேசாச்சு. அவங்க சொல்ற ஒழுங்கை வாசிச்சா நம்மட அம்மம்மாமார் செய்த அதே காரியந்தான்.

அதே மிண்டெல் 2010இல வெளியிட்ட இன்னொரு ஆய்வு, 17 நாடுகளையும் இடங்களையும் சேந்த 29,287 புள்ளைகளைப் பற்றியது. மூணு வயசு வரைக்கும். நியூசிலாந்தில புள்ளைகள் ஏழரை மணியளவில படுக்குது. ஹொங்கொங்கில பத்தேகால் மணி. ஆசியாவில அநேகமான புள்ளைகள் பிந்திப் படுக்குது, குறைய நித்திரை கொள்ளுது. பெத்தவங்களோட ஒரே அறையில, ஒரே படுக்கையில படுக்கிறதும் ஆசியாவிலதான் கூட. இதப் பாத்துட்டுச் சில பேர் "பாத்தியா, பக்கத்தில படுக்கிறதாலதான்" எண்டுவாங்க. நான் அப்பிடி நினைக்கல்ல. பிந்திப் படுக்கிறதுக்கு அம்மாட சூடு காரணம் இல்ல. வீடு பிந்திப் படுக்குது, புள்ளையும் பிந்திப் படுக்குது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல சொன்ன கணக்கு இது. ஒண்டு, ரெண்டு வயசுப் புள்ளைக்கு பகல் நித்திரையும் சேத்து ஒரு நாளைக்கு 11 தொடக்கம் 14 மணித்தியாலம். மூணு, நாலு வயசுக்கு 10 தொடக்கம் 13. விடிய ஆறு மணிக்கு எழும்புற புள்ளை, பகலில ஒண்டரை மணித்தியாலம் படுத்தா, இரவு எட்டரைக்கு முதல் நித்திரையாகியிருக்கணும். விரல் விட்டு எண்ணிப் பாருங்க. பத்தரைக்குப் படுக்கிற புள்ளைக்கு எவ்வளவு கடன் சேருது?

பகல் நித்திரைக்கு வருவம்.

கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில மத்தியானம் வீட்டுக்குள்ள படுக்கவே ஏலாது. வைகாசி, ஆனி, ஆடி. ஓட்டுக்குக் கீழ வெக்கை இறங்கும். அந்த நேரம் கட்டிலில மெத்தையில போட்டுத் தட்டினா புள்ளை வேர்த்து நாறி அழும். பன்பாயை ஈரத்துணியால துடைச்சு, சீமெந்துத் தரையில, கதவோரமா, காத்து வாற பக்கம் போடுங்க. உடுப்பைக் கழட்டி மெல்லிசா ஒரு பெனியன். பெத்தா வேப்பமரத்துக்குக் கீழ பாய் போட்டுத்தான் எங்களை எல்லாம் படுக்க வைச்சவ.

நேரம்? எங்கட வீட்டில பன்ரண்டுக்குச் சோறு, ஒரு மணிக்கு முதல் பாயில. மூணு மணிக்கு எழுப்பிருவன். "நித்திரை கொள்ற புள்ளைய எழுப்பாத" எண்டு அம்மாட சண்டை. அஞ்சு மணி வரைக்கும் விட்டா இரவு பத்து மணிக்கும் அது துள்ளும். யன்னலைத் திறந்து வெளிச்சம் விட்டு, காலைத் தடவி, பேரைச் சொல்லி மெதுவா. எழும்பின உடன அழுதா அழட்டும், மடியில வைச்சிருந்தாச் சரி.

கிட்டத்தட்ட ஒண்டேகால், ஒண்டரை வயசில ரெண்டு பகல் நித்திரை ஒண்டாகும். மூணு வயசுக்குப் பிறகு அந்த ஒண்டும் மெல்ல மெல்லக் குறையும். அப்ப வலுக்கட்டாயமா அமத்திப் படுக்கப் போடாதீங்க. பாயில கிடந்து கதை கேட்டாலும் அது ஆறுதல்தான்.

சத்தம் இருந்தா நித்திரை வராது எண்டு ஒரு கதை இருக்கே. நான் நம்பல்ல. வைகாசியில கண்ணகி அம்மன் சடங்குக்குப் போய்ப் பாருங்க. மத்தளம் முழங்கும், கூத்து விடிய விடிய நடக்கும். பாயில வரிசையாக் கிடந்து சின்னப் புள்ளைகள் நித்திரை. ஆரும் "நித்திரையாகு" எண்டு சொல்லல்ல. ஒரே மாதிரிப் போற சத்தம் புள்ளையை எழுப்பாது. திடீரெண்டு லைட்டைப் போடுறது, திடீரெண்டு சிரிக்கிறது, "எங்க குஞ்சு?" எண்டு வலையைத் தூக்கிறது... அதுதான் எழுப்பும்.

அதுவும் நடந்தது! போன மாசம் கலியாணத்துக்குச் சொல்ல எட்டேமுக்காலுக்கு ஆக்கள் வந்தாங்க. நல்ல மனசுக்காரர். "புள்ளையப் பாக்காமப் போறதா, எழுப்புங்க பாப்பம்" எண்டாங்க. முகத்துக்கு நேர ஏலாதெண்டு சொல்ல நமக்கு வராது. அம்மாதான் சொன்னா: "அவ படுத்திட்டா. விடிய வாங்க, அப்பம் சுட்டுத் தாறன்." எனக்கு அம்மாவைக் கட்டிப் பிடிக்கணும் போல இருந்திச்சி. அவங்களும் கோவிக்கல்ல. விடிய வந்தாங்க, அப்பமும் சாப்பிட்டாங்க.

ஒண்டு மட்டும் கண்டிப்பாச் சொல்லணும். நித்திரைக்காக மருந்து குடுக்காதீங்க. தடிமனுக்கு எழுதிக் குடுத்த சிரப்பில மிச்சத்தை "கொஞ்சம் குடுத்தாப் படுத்திரும்" எண்டு சொல்ற ஆக்கள் எல்லா ஊரிலயும் இருக்கிறாங்க. அளவு தவறினா சின்னப் புள்ளைக்கு மூச்சே கெட்டுப் போகும். 19ஆம் நூற்றாண்டில அமெரிக்காவில, வின்ஸ்லோ அம்மையார் பேரில ஒரு சிரப் வித்தாங்க, புள்ளை அழாமப் படுக்கும் எண்டு. உள்ளுக்குள்ள இருந்தது மோர்பின். படுத்த புள்ளைகள் சிலது எழும்பவே இல்ல. புள்ளை ஒவ்வொரு இரவும் குறட்டை விட்டா, நித்திரையில மூச்சுத் திணறினா, சிரப்பைத் தேடாம டொக்டரிட்டக் காட்டுங்க. நிறை பாக்கப் போற நாளில மிட்வைஃப் மிஸ்ஸிட்ட நித்திரையைப் பற்றியும் கேளுங்க.

இனிப் பெத்தாட பாட்டு.

பெத்தா படுவான்கரை ஆள், கொக்கட்டிச்சோலைப் பக்கம். எங்களோட வந்து நிக்கிற நாளில மீன் கதைக்கு வேலை இல்ல. வலைக்கு வெளிய இருந்து, ஒரு கையை உள்ள விட்டு, முதுகில தட்டித் தட்டி ஓராட்டுவா. ஆர் அடிச்சது எண்டு கேப்பா, மாமன் என்னென்ன கொண்டு வருவான் எண்டு ஒவ்வொண்டாச் சொல்லுவா, வயல், வாவி, தோணி எல்லாம் வரும், நடுவில சின்னவள்ர பேரையும் சேத்திருவா. அடி முடியுற இடத்தில குரல் இறங்கும், தட்டுற கையும் அதோட மெதுவாகும். கொஞ்ச நேரத்தில புள்ளைட மூச்சும் அந்தத் தாளத்துக்கு இறங்கிரும். நான் பாத்துக்கொண்டிருந்திருக்கன்.

பண்டிதர் வி.சீ. கந்தையா 1964இல வெளிவந்த "மட்டக்களப்புத் தமிழகம்" நூலில நம்மட நாட்டுக்கவிகளை எழுதி வைச்சிட்டுப் போனார். எழுத்தில சொல் இருக்கும். பெத்தா எந்த இடத்தில இழுக்கிறா, எந்த இடத்தில "ஓ...ஓ" எண்டு விடுறா எண்டது எழுத்தில வராது. ஒவ்வொரு வீட்டு ஓராட்டும் ஒவ்வொரு மாதிரி. அத எந்த யூரியூப்பிலயும் தேடி எடுக்க ஏலாது.

உங்கட வீட்டில ஓராட்டத் தெரிஞ்ச பெத்தாவோ அம்மம்மாவோ மூத்தம்மாவோ இருந்தா, இந்தக் கிழமையே ஒரு இரவு போனை எடுத்துப் பதிஞ்சு வைங்க. பாட்டு முடிஞ்சாப் போல அந்தப் போனை நிப்பாட்டி, அடுத்த அறையில கொண்டு போய் வைங்க.